எஞ்சும் வயாத் துண்டைப் பின்துளையிட்டு அகற்ற வேண்டுமா?

நான்கு அடுக்குள்ள, 1.6 மில்லிமீற்றர் தடிப்பான அச்சுச் சுற்றுப் பலகையில் செக்கனுக்கு 5 கிகாபிற் சமிக்ஞையை வயா (அடுக்குகளை இணைக்கும், உலோகம் பூசிய துளை) வழியே இறக்கினால், சமிக்ஞை விலகும் அடுக்குக்கு அப்பால் பயன்படாமல் எஞ்சும் வயாத் துண்டைப் பின்துளையிட்டு (பலகையின் மறுபக்கத்திலிருந்து துளைத்து) அகற்ற வேண்டுமா என்று கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். தேவையில்லை.

இரணைமடு நீர் ஓடும் வாய்க்காலிலிருந்து, முனை அடைபட்ட கிளையொன்று பிரிவதாக எண்ணிப் பாருங்கள்; பிரதான வாய்க்காலில் எழும் அலை அக்கிளைக்குள்ளும் புகுந்து, முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையைக் குழப்பும். வயாத் துண்டும் அவ்வாறே செயற்படுகிறது. அதன் நீளம் அலைநீளத்தின் காற்பங்காகும் மீடிறனில், திரும்பும் அலை எதிர்க் கட்டத்தில் வந்து சேர்ந்து சமிக்ஞையைப் பெருமளவு அழித்துவிடும்.

எஃப்.ஆர்.4 எனும் சாதாரண கண்ணாடியிழைப் பலகையில் சமிக்ஞை ஒளியின் ஏறத்தாழ அரைவாசி வேகத்தில் செல்வதால், முதலாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கும்போது எஞ்சும் சுமார் 1.4 மில்லிமீற்றர் துண்டின் பரிவு மீடிறன் (மேற்சொன்ன காற்பங்கு மீடிறன்) 27 கிகாஹேர்ட்ஸ் அளவில் அமையும். (வயாவைச் சூழ்ந்த செப்பு வளையங்களான திண்டுகளின் கொள்ளளவம் இதைச் சற்றுக் குறைக்கும்.) உங்கள் சமிக்ஞையின் அடிப்படை மீடிறனோ 2.5 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே; பரிவு அதற்கு வெகு தொலைவில் இருப்பதால் பாதிப்பு மிகச் சிறிது. 10 கிகாபிற் சமிக்ஞையும் 2.5 மில்லிமீற்றர் துண்டும் சேர்ந்தால் நிலைமை வேறு: பரிவு 15 கிகாஹேர்ட்ஸில், அடிப்படை மீடிறனின் மும்மடங்கான மூன்றாம் இசையத்தின் மீதே விழும்.

பின்துளையிடலுக்குச் செலவாகும் பணத்தைச் சேமித்து, மீள்மின்னோட்டத்தின் (மூலத்துக்குத் திரும்பும் மின்னோட்டத்தின்) பாதையைக் கவனியுங்கள். முதலாம் அடுக்கிலிருந்து நான்காம் அடுக்குக்குச் செல்லும் ஒவ்வொரு சமிக்ஞை வயாவுக்கும் மிக அருகே நிலத் தளங்களை இணைக்கும் ஒரு நிலவயாவை வையுங்கள். மூன்றாம் அடுக்கு மின்வழங்கல் தளமாயின், அதற்கும் நிலத் தளத்துக்கும் இடையே அங்கே கொள்ளளவியொன்று அவசியம்.