தோட்ட ஆஸ்பத்திரியில் கிடைத்த மரப்பெட்டி, தஞ்சோங் ரம்புத்தான் ‘கரண்டு மிஷினா’?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட ஆஸ்பத்திரியை உடைக்கும்போது ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. இரண்டு பித்தளைக் கைப்பிடியோடு ஒரு சின்ன மரப்பெட்டி, பாதரச பிரஷர் கருவி, கண்ணாடி ஊசிகள், ரப்பர் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த மரப்பெட்டி தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தலையில் கரண்டு வைத்த மிஷின் என்கிறார்கள். உண்மையா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்:

அது கரண்டு வைத்த மிஷின் இல்லை. கையில் பிடிக்கும் பித்தளைக் கைப்பிடி இருந்தால் அது பெரும்பாலும் தூண்டல் சுருள் பெட்டி, அதாவது பேட்டரியில் ஓடி, கைப்பிடி வழியாக உடம்புக்கு மின் அதிர்வு தருவது. வாத வலிக்கும் மரத்துப்போன கை காலுக்கும் அந்தக் காலத்தில் வைத்தியர்கள் வைத்திருந்தது. மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் இரும்புக் கம்பிக் கட்டு, அதன் மேல் தடித்த கம்பி சில சுற்று, அதற்கும் மேல் மெல்லிய கம்பி நிறையச் சுற்று. ஓரத்தில் காலிங் பெல்லில் இருப்பதுபோல் துடிக்கும் ஒரு தகடு. இரும்புக் கட்டின் மேல் ஒரு பித்தளைக் குழல் சறுக்கும். அதை உள்ளே தள்ளினால் அதிர்வு குறையும், வெளியே இழுத்தால் கூடும்.

மனநல ஆஸ்பத்திரி மிஷின் வேறு ஜாதி. அதை முதலில் மனிதருக்கு வைத்தது 1938-இல், ரோம் நகரில், இத்தாலிய டாக்டர்கள் செர்லெட்டியும் பினியும். சுவர் மின்சாரத்தில் ஓடும். முகப்பில் வோல்ட் காட்டும் முள், நொடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கும் நேரக் கட்டுப்பாடு, நெற்றிப்பொட்டில் வைக்க உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பட்டைகள். ஏறக்குறைய 70 முதல் 120 வோல்ட், அரை நொடிக்கும் குறைவாக. தசையைத் தளர்த்தும் மருந்து 1950களில் வழக்கத்துக்கு வருவதற்கு முன், கரண்டு தூண்டும் வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்ததும் உண்டு. டாக்டர் இல்லாமல் டிரசர் (மருத்துவ உதவியாளர்) மட்டும் நடத்திய தோட்ட ஆஸ்பத்திரிக்கு இந்த மிஷின் வந்திருக்க வழியில்லை. 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊரில் எந்தப் பழைய பெட்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு வீட்டுப் பிளக்கில் மாட்டாதீர்கள். நூல் சுற்றிய கம்பி ஈரத்தில் உளுத்திருக்கும். பழைய பிரெஞ்சு வகைப் பெட்டிகளில் பேட்டரிக்குப் பதில் சின்னத் தொட்டி, துத்தநாகத் தகடு, ஒரு குப்பியில் வெள்ளைத் தூள் இருக்கும். அது பாதரச உப்பு. குப்பியைத் திறக்க வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது பாதரசத்துக்குத்தான். பிரஷர் கருவியில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. கண்ணாடிக் குழாயின் மேல்முனையிலும் அடியிலும் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், சாய்த்தால் ஒழுகும். பாதரசத் தொட்டி உள்ள பக்கமாக மெதுவாகச் சாய்த்து, எல்லாம் தொட்டிக்குள் இறங்கிய பிறகு திருகை மூடுங்கள். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும்.

சிந்திவிட்டால் முதலில் மோதிரம், வளையல், தாலிக்கொடியைக் கழற்றுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்து நொறுங்கும். ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். விளக்குமாறும் வேக்கும் கிளீனரும் வேண்டாம், முன்னது துளிகளைச் சிதறடிக்கும், பின்னது ஆவியாக்கி வீடெல்லாம் பரப்பும். கெட்டி அட்டையால் ஒன்றாகத் தள்ளி, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மேலே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இடுக்கில் மிச்சம் இருந்தால் கந்தகத் தூள், ரப்பர் இலை நோய்க்குத் தோட்டத்தில் தூவினார்களே, அதேதான். புட்டியைக் குப்பையில் வீசக் கூடாது. பாதரசக் கழிவு நம் நாட்டுச் சட்டத்தில் எஸ்.டபிள்யூ. 109 என்ற எண்ணில் வருவது. சுற்றுச்சூழல் இலாகாவைக் கேட்டால் உரிமம் உள்ளவர் யார் என்று சொல்வார்கள்.

பழுப்புப் புட்டி ஏதும் இருந்து, அதில் காடி வாடை அடித்தால் பாரல்டிஹைடாக இருக்கலாம். வலிப்புக்கும், மனநல வார்டுகளில் தூங்க வைக்கவும் கொடுத்த மருந்து, பழசானால் அசிட்டிக் அமிலமாகும், தீயும் பிடிக்கும். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் ஊசி வந்த பிறகும் அதற்குக் கண்ணாடி ஊசிதான்.

அந்த ஊசிகளைக் கழுவும்போது தண்டைக் குழலிலிருந்து பிரித்துவிடுங்கள். உலோகத் தண்டு வெந்நீரில் விரிந்து கண்ணாடியைப் பிளக்கும். முழுக் கண்ணாடி வகையில் குழலிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் ஒழுகும்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது! மேலே பூசிய அரக்கு போய்விடும், தயாரித்தவர் பெயரும் எண்ணும் அழிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். ரப்பர் குழாய்க்கு எண்ணெய், வாஸ்லைன் ஆகாது, ஊதிப் பிசுபிசுக்கும். டால்கம் பவுடர் தூவி, இருட்டில், பித்தளையோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். செம்பு பட்டால் ரப்பர் ஒட்டிக் கெடும் என்பது ரப்பர் ஷீட் அடித்த ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எதையும் துடைப்பதற்கு முன் இருந்தது இருந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.