சைடு ஸ்டாண்டில் பார்த்தால் ஆயில் குறைவாகத்தான் தெரியும்

கேள்வி: என்னுடையது ஏழு வருடத்து ஸ்பிளெண்டர் பிளஸ். ஆயில் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று வாசலில் சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஆயில் ஒட்டியிருந்தது, அதுவும் கறுப்பாக. அண்ணன் காருக்கு வாங்கியதில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. அதை ஊற்றலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?
– தருமபுரி வாசகர்

பதில்: இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள், வாங்கவும் வேண்டாம். முதலில் அளவைச் சரியாகப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் ஆயில் குச்சி வலது பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். போதுமான ஆயில் இருந்தாலும் குச்சி குறைவாகத்தான் காட்டும்.

சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். என்ஜினை மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அப்புறம் குச்சியைக் கழற்றித் துடைத்து, மரையைத் திருகாமல் துளையில் சும்மா உட்கார வைத்து எடுங்கள். திருகிவிட்டால் குச்சி ஆழமாக இறங்கி, குறைந்த ஆயிலையும் நிறைவாகக் காட்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். (திருகிப் பார்க்க வேண்டிய வண்டிகளும் உண்டு. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கறுப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். என்ஜின் அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வதால்தான் ஆயில் கறுக்கிறது. டீயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால்தான் கவலை. உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கார் ஆயில் வேண்டவே வேண்டாம். காரில் கிளட்ச் தனியாக இருக்கிறது. உங்கள் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி சுழல்கின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது கிளட்சை வழுக்க வைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

உண்மையிலேயே குறைவாக இருந்தால் 10டபிள்யூ30 தரமும் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), 'ஜாசோ எம்ஏ' முத்திரையும் (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி) உள்ள பைக் ஆயில் வாங்குங்கள். 'எம்பி' என்றிருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. மூடியின் சீல், தயாரிப்புத் தேதி இரண்டையும் பார்த்து, பில்லும் கேட்டு வாங்குங்கள். லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். டப்பா காலியானதும் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். ஓட்டை இல்லாத காலி டப்பாக்களில் போலி ஆயில் நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். போலி விற்றார்கள் என்று தெரிந்தால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஊற்றும்போது ஐம்பது மில்லி ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடி குச்சியைப் பாருங்கள். அந்த என்ஜின் கொள்வதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதில் அரை லிட்டர் கூடுதல் என்பது பெரிய அளவு. என் வண்டிக்கு ஒரு கடையில் பழைய ஆயில் முழுதாக வடியும் முன்பே புது டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறிப்போனது. ஃபில்டர் செலவு என் தலையில்தான் விழுந்தது.

ஊற்றிய அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் குறித்து வையுங்கள். சில நூறு கிலோமீட்டரிலேயே திரும்பக் குறைந்தால் என்ஜினுக்கு அடியில் கசிவு இருக்கிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.