ஜெராக்ஸ் எடுத்தால் வக்கீல் ஆகிவிட முடியுமா?

கேள்வி: சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சட்ட நிறுவனத்தில் பகுதிநேர பாராலீகலாக (வழக்கறிஞர்களுக்கு உதவியாளராக) வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். அங்கே முன்பு வேலை பார்த்த சீனியர் அக்கா, “கோப்பு அடுக்குவதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான் வேலை. அதற்கு நாலு மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாத) போட்டிக்குப் போகலாம்” என்கிறார். அப்பாவுக்கோ மார்க் குறைந்துவிடுமே என்று பயம். சேரலாமா, வேண்டாமா?
– ஒரு மாணவி

பதில்: சேருங்கள். உங்கள் சீனியர் சொன்னது பொய்யில்லை. கோப்பு அடுக்கத்தான் விடுவார்கள், முதல் சில மாதங்களுக்கு அதற்கு மேல் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் அடுக்குகிற கோப்பை வாசிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கப்போவதில்லையே.

கல்லூரியில் நீங்கள் படிப்பது தீர்ப்புகளை. ‘நடந்தது இதுதான்’ என்று நீதிபதி நாலு பத்தியில் தெளிவாகச் சொல்லிவிடுவார். அந்த நாலு பத்திக்குப் பின்னால் என்னவெல்லாம் குவிந்து கிடந்தது என்பது கோப்பைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். தேதியே இல்லாத கடிதம் இருக்கும். ஒரே ஒப்பந்தத்துக்கு மூன்று நகல் இருக்கும், எதில் கடைசியாகக் கையெழுத்தானது என்று கட்சிக்காரருக்கே தெரியாது. ‘நேற்று போனில் பேசியபடி’ என்று தொடங்கும் மின்னஞ்சல், என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடும்.

இந்தக் குவியலிலிருந்து தேதிவாரியாக நிகழ்வுப் பட்டியல் தயாரிக்கச் சொல்வார்கள். கேட்கும்போது சுலபமாகத் தோன்றும், உட்கார்ந்தால்தான் தெரியும். நோட்டீஸில் மார்ச் 3 என்றிருக்கும். தபால் முத்திரையில் மார்ச் 9. எதிர்த்தரப்பு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டது மார்ச் 14. பதில் தர 30 நாள் கெடு என்றால், அது எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? அதை முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. மூன்று தேதியையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றும் கோப்பில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து, ‘இவை ஒத்துப்போகவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கிற மாணவியை எந்த வழக்கறிஞரும் வெகுநாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நிறுத்திவைக்க மாட்டார். தாமாகவே ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அலுவலகத்துக்கு ஆபத்து.

எடுபிடி வேலை என்று நினைப்பதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணங்கள் உண்டு. 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் ரகசியமான வரிகளைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். அந்த வரிகளை காப்பி செய்து வேறிடத்தில் பேஸ்ட் செய்தால் அத்தனையும் படிக்க முடிந்தது! பட்டையை மேலே வைத்தார்களே தவிர, அடியிலிருந்த எழுத்து அப்படியே இருந்தது. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்குமாகச் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மறைத்த வரி உண்மையிலேயே மறைந்திருக்கிறதா, மேற்கோள் காட்டிய தீர்ப்பு அப்படி ஒன்று உண்டா என்று பார்ப்பதெல்லாம் பாராலீகல் மேசைக்கு வந்து சேருகிற வேலைகள்தாம்.

மூட் கோர்ட்டுக்கும் போங்கள், பேச்சு பழகும். ஆனால் அங்கே வழக்கின் உண்மைகளை யாரோ அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றைத் தேடி எடுக்கப் பழகுவதற்கு அலுவலகம்தான் சரியான இடம்.

நீங்கள் எந்த நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த அனுபவம் தகுதிக் கணக்கில் சேருமா என்பது அதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2021-ல் வந்த புதிய முறைப்படி, சொலிசிட்டர் (அங்கே வழக்கறிஞர்களில் ஒரு வகை) ஆவதற்குத் தேவையான 2 ஆண்டு அனுபவத்தில் பாராலீகல் வேலையையும் காட்டலாம், அதிகபட்சம் 4 இடங்களில் பிரித்தும் செய்யலாம். இந்திய பார் கவுன்சில் விதிகளோ 3 ஆண்டுப் படிப்புக்கு 12 வாரம், 5 ஆண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. உங்கள் பகுதிநேர வேலை அதற்கு ஈடாகுமா என்பதைக் கல்லூரியில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பாராலீகல் என்பதே தனி உரிமம் பெற்ற தொழில். மாணவர்கள் அந்தப் பெயரைச் சும்மா போட்டுக்கொள்ள முடியாது.

அப்புறம், ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சீக்கிரமே ஒரு கட்சிக்காரர் போனில் உங்களைப் பிடித்துக்கொள்வார். “ஒண்ணும் பெருசா இல்லம்மா, இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடலாமா, மட்டும் சொல்லு.” உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும், சொல்லத் துடிப்பாகவும் இருக்கும். சொல்லாதீர்கள். “வழக்கறிஞரிடம் சொல்கிறேன், அவரே உங்களுடன் பேசுவார்” என்று முடித்து, அவர் கேட்டதை நேரத்தோடு குறித்துவையுங்கள். உரிமம் இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்வது பல நாடுகளில் குற்றம். அதேபோல், அலுவலகக் கோப்பு பின்னால் தெரிய எடுத்த செல்ஃபி எந்த ஸ்டேட்டஸிலும் வரக் கூடாது. கற்றதை நோட்டில் எழுதுங்கள், கட்சிக்காரர் பெயர் இல்லாமல்.

அப்பாவின் பயம் நியாயமானதுதான். பரீட்சை அட்டவணையைச் சேரும் முன்பே காட்டி, அந்த வாரங்களில் வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற அலுவலகம், ஒரு பெரிய வழக்கு வந்தால் உங்கள் அரைநாளை முழுநாளாக்கவும் தயங்காது. சம்பளம் என்ன என்றும் கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். நீங்கள் செய்த வேலையை யார் திருத்திக் கொடுப்பார்கள் என்று ஒரு பெயரையும் கேளுங்கள். திருத்த ஆளில்லை என்றால், அல்லது ஒரு செமஸ்டர் முடிந்தும் ஒரு கோப்பைக்கூட முழுதாகப் பார்க்க விடவில்லை என்றால், தாராளமாக விலகிவிடலாம்.