தோடம்பழத்தை நிறுத்துவதற்கு முன்னால்

"அமிலத்தை உணரும் செல் ரிசெப்டர்கள் ஒவ்வாமை ஆஸ்துமாவைக் கூட்டுமாம். அப்படியென்றால் பிள்ளைக்குப் புளிப்பை நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரிசெப்டர் என்றால் செல்லின் மேலே இருந்து சமிக்ஞையைப் பிடிக்கிற புரதம். அநேகமாக ஏற்கனவே நிறுத்தியிருப்பீர்கள். நானும் நிறுத்தினேன், இரண்டு வருடம்.

நாங்கள் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயதில் இழுப்பு தொடங்கியது. "நெஞ்சுச்சளிக்குப் புளிப்பு ஆகாது" என்றார் அம்மாயி. தோடம்பழம், தயிர், தேசிக்காய் எல்லாம் போயிற்று. ஒரு பொங்கலன்று மகள் இஸ்தோப்பில் குந்தி, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் உரித்துப்போட்ட தோடம்பழத் தோலை எடுத்து மோந்துகொண்டிருந்தாள். ஒரு சுளைகூட வாயில் படவில்லை. அன்று ராத்திரியும் இழுத்தது.

நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த அமிலம் சாப்பாட்டில் இருந்து வருவதில்லை. வீங்கிய மூச்சுக்குழாயே அமிலமாகிறது. 2000இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் மூச்சைக் குளிரவைத்து நீராக்கி அளந்தார்கள்: ஆஸ்துமா இல்லாத சுகமானவர்களுக்கு பி.எச். 7.65, அந்த நேரம் ஆஸ்துமா இழுப்பு வந்திருந்தவர்களுக்கு 5.23 (பி.எச். குறையக் குறைய அமிலம் கூட). ஸ்டீரொய்ட் கொடுத்ததும் பழையபடி ஏறியது. அந்த அமிலத்தைத்தான் ரிசெப்டர்கள் பிடிக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜிபிஆர்65, அலர்ஜியின்போது வந்து சேரும் இயோசினோபில் என்ற வெள்ளை இரத்த செல்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. ஓஜிஆர்1 என்ற இன்னொரு ரிசெப்டர் இல்லாத எலிகளுக்கு அலர்ஜி ஆஸ்துமாவை உண்டாக்கப் பார்த்தபோது, மூச்சுக்குழாய் அவ்வளவாக வீங்கவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் உண்டு, தெரியும். வயிற்று அமிலம் மேலேறி வருகிற சிலருக்கு இழுப்பு கூடும் என்பதும் சரி. ஆனால் ஒரு தோடம்பழம் மூச்சுக்குழாயின் பி.எச்.ஐ மாற்றாது.

எங்கள் வீட்டில் குற்றவாளி விறகுப் புகையும் கம்பளியும். ஜூன் மழையில் கம்பளி காய்வதே இல்லை. அந்த ஈரத்தில் தூசிப்பூச்சி பெருகும். அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைத்தோம், கம்பளியை வெந்நீரில் துவைத்தோம். தினமும் அடிக்கிற ஸ்டீரொய்ட் பம்பை, சுகமாகிவிட்டது என்று இடையில் விட்டது நான்தான். அதையும் திரும்பத் தொடங்கினோம். நீங்கள் அதை மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் திகதியை மாற்றி வந்த கடிதம் தோட்ட ஆபீசில் பதினொரு நாள் கிடந்தது. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனால், "உங்கள் திகதி போன கிழமை" என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் பிள்ளைக்கு ராத்திரியிலா, அடுப்பு எரியும்போதா இழுக்கிறது? கவனித்து எழுதுங்கள்.