ஓவியத்தைப் பார்த்து உடை தைப்பது: கேள்வி பதில்

பழைய உருவப்படங்களில் உள்ள உடைகளைத் துணியில் தைத்துப் பார்க்க முனைபவர்களின் கேள்விகள் இவை. பலரும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஹான்ஸ் ஹோல்பைன் 1536-37இல் வரைந்த இங்கிலாந்து அரசி ஜேன் சீமோரின் சிவப்பு வெல்வெட் கவுனைத் தைக்க ஆசை. முன்புறம் பொத்தான், கொக்கி, நாடா எதுவுமே தென்படவில்லை. எப்படித்தான் போட்டுக்கொண்டார்கள்?

பதில்: படத்தை முடிந்த அளவு பெரிதாக்கி, மார்புப் பகுதியின் பக்கவாட்டு ஓரத்தை மட்டும் பாருங்கள். பொடிப் புள்ளிகள் வரிசையாக இறங்கும். எல்லாம் குண்டூசித் தலைகள்! முன்புறம் நீங்கள் காண்பது தனியான ஒரு துண்டு. கவுனை உள்ளே இறுக்கிக் கட்டிய பிறகு, அந்தத் துண்டை மேலே பரப்பிப் பக்கவாட்டில் ஊசி குத்தி நிறுத்திவிடுவார்கள். அரசிக்கே குண்டூசியா என்று முகம் சுளிக்க வேண்டாம். உடுத்திவிடப் பணிப்பெண்கள் இருந்த வீடு அது.

இந்த உடையில் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்ளும் இடமும் இதுதான். நெஞ்சு தட்டையாகத் தெரிகிறதே என்று வெல்வெட்டிலேயே டார்ட் (உடலோடு ஒட்டுவதற்காகத் துணியை மடித்துத் தைப்பது) பிடிப்பார்கள். தட்டை வெல்வெட்டால் வருவதில்லை. அதற்குள் இருக்கும் கிர்ட்டில் என்ற விறைப்பான அங்கிதான் உடலை அப்படி நிறுத்துகிறது. ஆகவே முதலில் லினன் உட்சட்டை, அதன்மேல் கிர்ட்டில், பிறகுதான் கவுன். கவுனுக்கு அளவெடுப்பதும் கிர்ட்டிலை அணிந்த நிலையில்தான். வரிசையை மாற்றினால் வெல்வெட்டுக்குச் செலவழித்த பணம் வீண்.

கேள்வி: ஓவியத்தில் முதுகே தெரிவதில்லையே. பின்புறத்தைக் கற்பனையில்தான் தைக்க வேண்டுமா?

பதில்: கற்பனை கடைசியில் வரட்டும். அதே காலத்து, அதே நாட்டுக் கல்லறைச் சிற்பங்களைத் தேடுங்கள். பக்கவாட்டுத் தோற்றம் அவற்றில் கிடைக்கும். சில நேரம் ஓவியரே கைகொடுப்பார். ஆங்கிலேயப் பெண் ஒருவரை முன்னும் பின்னுமாக ஒரே தாளில் ஹோல்பைன் கோட்டுச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தத் தாளில் தலையணி பின்னால் எப்படித் தொங்குகிறது என்பது தெளிவாக விளங்கும்.

கேள்வி: படத்தில் இருப்பது வெல்வெட்டா, சாட்டினா? எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது.

பதில்: மடிப்புகளில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மடிப்பின் முகட்டில் கூர்மையான வெள்ளைக் கீற்று ஓடினால் சாட்டின். முகடு இருண்டு, மடிப்பின் ஓரங்கள் மட்டும் மினுங்கினால் வெல்வெட். நேராகப் பார்க்கும்போது வெல்வெட்டின் மயிர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சாய்வாகப் பார்க்கும்போதுதான் பளபளக்கும். நல்ல ஓவியர்கள் இதில் தவறுவதே இல்லை.

கேள்வி: நிறத்தை அப்படியே நம்பலாமா?

பதில்: கூடாது. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளித்து, நீலத்தைப் பச்சையாகக் காட்டும். சிவப்புச் சாயத்தில் செய்த சில வண்ணங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இன்று வெள்ளையாகத் தெரியும் உடை அன்று இளஞ்சிவப்பாக இருந்திருக்கலாம். சுமால்ட் என்ற நீலக் கண்ணாடித்தூள் சாம்பல் நிறமாக மங்கும். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் எங்காவது படமாகியிருந்தால் அதைப் பாருங்கள். ஒளி படாத இடத்தில் பழைய நிறம் தங்கியிருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: இத்தாலிய ஓவியர் பிரான்சினோ 1545 வாக்கில் வரைந்த, ஃபிளாரன்ஸ் ஆட்சியாளரின் மனைவி எலியனோரா டி டொலேடோவின் மாதுளைப் பூ வேலைப்பாட்டு உடையிலேயே அவரை அடக்கம் செய்தார்களாமே? அந்த உடையைப் பார்த்துத் தைக்க முடியுமா?

பதில்: வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். அவர் இறந்தது 1562இல்; கல்லறை திறக்கப்பட்டது 1857இல். உள்ளே கிடைத்தது வேறு உடை: வெல்வெட் பட்டைகள் வைத்த சாட்டின் கவுன். சிதைந்த நிலையிலிருந்து அதைச் சீரமைத்து, ஃபிளாரன்ஸ் நகரின் பிட்டி அரண்மனையில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இதில் நஷ்டமில்லை. பூ வேலைப்பாட்டுக்கு ஓவியத்தைப் பாருங்கள், தையலுக்கு அந்த உடையைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாகரிகம் அதற்குள் மாறியிருக்கும்.

கேள்வி: அந்தப் பூ எவ்வளவு பெரியது என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முகத்தை அளவுகோலாக வையுங்கள். முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை பெரியவர்களுக்குச் சுமார் 18 செ.மீ. இருக்கும். கையை நம்பாதீர்கள். ஓவியர்கள் விரல்களை நீட்டிவிடுவார்கள்.

கேள்வி: வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்துப் பெண்ணின் உடைக்கு வயிற்றில் பஞ்சு வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவர் தம் நீளமான கவுனை வயிற்றுக்கு முன்னால் அள்ளிப் பிடித்திருக்கிறார். துணியைத் தாராளமாக விடுங்கள், அது போதும்.

கேள்வி: வான் டைக் வரைந்த சீமாட்டி ஒருவரின் பட்டு உடையை எவ்வளவோ முயன்றும் வெட்டு பிடிபடவில்லை. என் தையலில் குறையா?

பதில்: உங்கள்மேல் குறை இருக்காது. வான் டைக்கும் அவருக்குப் பின் வந்த லீலியும் பல படங்களில் அன்றாட உடையைத் தளர்த்தி, சால்வை சேர்த்து, கழுத்துப் பட்டியை நீக்கித் தம் விருப்பப்படி தீட்டினார்கள். ஒரு கை மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். துணி போய்ச் சேர இடமே இல்லையென்றால் தைக்க முடியாத உடை அது. அதே சீமாட்டியை வேறொருவர் வரைந்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டுகளைச் சேர்ந்த வேறு படத்துக்கு மாறிவிடுவது நல்லது.

கேள்வி: தையல் மெஷினைத் தொடலாமா?

பதில்: உள்ளே மறையும் நீண்ட தையல்களுக்குத் தாராளமாக. வெளியே தெரியும் ஓரங்களைக் கையால் தையுங்கள். மெஷின் ஓட்டிய விளிம்பு விறைத்துக்கொண்டு நிற்கும், தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும். வெல்வெட்டை வெட்டுமுன் காடாத் துணியில் ஒருமுறை முழுதாகத் தைத்து, அணிந்து, உட்கார்ந்தும் பாருங்கள்.