இது பர்ஸா, பீரோவா?

கேள்வி: எனக்கு 48 வயது. திருச்சியில் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. தினமும் பைக்கில் போய்வருகிறேன். என் பர்ஸை மடக்கினால் மூடாது. நான்கு ஏடிஎம் கார்டு, அவற்றின் பின் நம்பர் எழுதிய சீட்டு, லைசென்ஸ், ஆர்.சி., ஆதார், பான், ரேஷன் கார்டு, நகைச்சீட்டு அட்டை, பழைய பில்கள், சமயபுரம் குங்குமம் எல்லாம் உள்ளே. ‘இது பர்ஸா, பீரோவா?’ என்கிறாள் மனைவி. காலி செய்தாலும் ஒரே மாதத்தில் பழையபடி உப்பிவிடுகிறது. எதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போனால், அன்றைக்குப் பார்த்து யாராவது அதைக் கேட்பார்களோ என்று பயம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் பட்டியலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தப் பின் நம்பர் சீட்டுதான். மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் முழுக்க அவருடையதுதான் என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. கார்டும் பின் நம்பரும் ஒரே பர்ஸில் இருந்து தொலைந்தால் நீங்கள் வங்கியில் போய் வாதாடுவது கஷ்டம்.

கிழித்தாயிற்றா? சரி, இனி மற்றவற்றைப் பார்ப்போம்.

‘இது எப்போதாவது தேவைப்படுமா?’ என்று கேட்டுக்கொண்டுதான் நீங்கள் பர்ஸைக் காலி செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்டால் மூன்று வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் பில்கூடத் தேவைப்படும் போலத்தான் தோன்றும். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். இன்று ராத்திரி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் தொலைந்துவிட்டது. நாளை முதல் எங்கெங்கே அலைய வேண்டும்? இப்போதைய நிலவரப்படி நான்கு வங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸ், ரேஷன் கார்டுக்காக வட்ட வழங்கல் அலுவலகம், நகைக்கடை, ஆதாருக்கும் பானுக்கும் தனித்தனி விண்ணப்பம். இந்த அலைச்சலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் உங்கள் வேலை. பர்ஸ் மெலிவது அதோடு சேர்ந்து தானாக நடக்கும்.

ரேஷன் கார்டை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. கடையில் பருப்பு வந்துவிட்டது என்று தெரிந்தால், வீட்டில் இருப்பவர்கள் உங்களைத் தேடிக்கொண்டு வர வேண்டுமா? அது வீட்டில் இருக்கட்டும். நகைச்சீட்டு அட்டை, பணம் கட்டும் நாளில் மட்டும் வெளியே வந்தால் போதும். பான் கார்டைக் கேட்கிற இடங்களில் பெரும்பாலும் நம்பர்தான் வேண்டும். பத்தே எழுத்து, மனப்பாடம் செய்துவிடலாம்.

ஆதார், ஆர்.சி. இரண்டையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் வரவழைத்துக்கொண்டு, அசலை வீட்டில் வையுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். கார்டைப் போட்டோ எடுத்து போன் கேலரியில் வைப்பது வேறு, டிஜிலாக்கரில் சம்பந்தப்பட்ட துறையே வழங்கும் ஆவணம் வேறு. நாமே ஏற்றிவைத்த படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. துறை வழங்கியதை போக்குவரத்து போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாகன ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளையே 2018-ல் திருத்திவிட்டார்கள். ரயிலில் அடையாளத்துக்கு ஆதாரையோ லைசென்ஸையோ இப்படிக் காட்டலாம். லாட்ஜில் ஜெராக்ஸ் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். மடித்து வைத்திருக்கும் ஆதார் ஜெராக்ஸ் ஏதாவது பர்ஸில் இருந்தால் அதுவும் வெளியே போகட்டும்.

லைசென்ஸ் மட்டும் அசலாகவே பர்ஸில் இருக்கட்டும் என்பேன். பைக் ஓட்டுகிறவர் நீங்கள், சாயங்காலம் போனில் சார்ஜ் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒருவேளை அது தொலைந்தால், தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு ஏடிஎம் கார்டில் சம்பளக் கணக்கின் கார்டு ஒன்று போதும். இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். புதுப் போனில் யு.பி.ஐ. பதிவு செய்யும்போது கார்டு விவரம் கேட்டால் உதவும். மீதி இரண்டும் நீங்கள் தொடவே தொடாத கணக்கு என்றால், கார்டை ஒளித்து வைத்து என்ன பயன்? வருடாவருடம் கட்டணம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வங்கிக்குப் போய்க் கணக்கை முடித்துவிட்டு, கார்டைச் சிப் வழியாக வெட்டிப் போடுங்கள். பர்ஸில் வைக்கும் கார்டிலும் ஒரு வேலை இருக்கிறது. தட்டிப் பணம் செலுத்தும் வசதி இருந்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பரே கேட்காது. நீங்கள் பயன்படுத்தாவிட்டால் வங்கிச் செயலியில் அதை நிறுத்திவையுங்கள். கார்டை முடக்குவதற்கான எண்ணை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் மனைவி போனிலும் பதிந்துவையுங்கள். இன்னொன்று, பர்ஸ் மெலிந்துவிட்டது என்பதற்காகக் கார்டை போன் கவருக்குள் செருகாதீர்கள். போன் போனால் கார்டும் சேர்ந்து போய்விடும்.

பில் விஷயம் உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது. வாரண்டி கேட்டு வருகிறவர்கள் நீட்டும் வெள்ளைத் தாளை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! பளபளப்பான அந்த பில் தாளில் வெப்பத்தால்தான் எழுத்து பதிகிறது. வெயிலும் உடம்புச் சூடும் பட்டுக்கொண்டே இருந்தால் மங்கிவிடும். பர்ஸ்தான் அதற்கு மிக மோசமான இடம். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிட்டு, வாரண்டி உள்ளதை வீட்டில் ஒரு கவரில் போடுங்கள்.

குங்குமத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஜிப் வைத்த குட்டிக் கவரில் போடுங்கள், பொட்டலம் பிரிந்தால் நோட்டெல்லாம் சிவப்பாகிவிடும். கூடவே, உங்கள் ரத்த வகையும் வீட்டு ஆள் ஒருவரின் செல் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று. ரோட்டில் ஏதாவது ஆனால் பூட்டிய போனைத் திறக்க யாராலும் முடியாது.

மாதாமாதம் ஏன் திரும்ப உப்புகிறது? பர்ஸில் இடம் இருப்பதால்தான். ஒரு கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர், மூன்று கார்டு அடுக்கினால் இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. அதற்குத் தகுந்த சின்ன பர்ஸாக வாங்குங்கள். ராத்திரி பர்ஸைக் கழற்றி வைக்கும் இடத்தில் ஒரு டப்பா வைத்து, அன்றைய பில், விசிட்டிங் கார்டு, கூடுதல் சில்லறையை அதில் கொட்டிவிடுங்கள். அப்புறம், பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்காராதீர்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், புட்டத்து வழியே காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு அழுந்தி வலி எடுக்கும். ஏற்கெனவே கால் மரத்துப்போகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.

பழைய பர்ஸைத் தூக்கிப் போடும் முன் உள்ளறையைத் துழாவிப் பாருங்கள். 2023-ல் திரும்பப் பெற்ற 2,000 ரூபாய் நோட்டு ஏதாவது மாட்டினால், சாதாரண வங்கிக் கிளையில் இப்போது வாங்க மாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். மனைவியிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் சாமர்த்தியம்.