முதல் டேங்கில் ஓடும் வேன் இரண்டாவதில் நிற்பது ஏன்?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சுற்றுலாவுக்குப் பழைய டீசல் வேன் ஒன்றை ஓட்டி வருகிறேன். காரைக்காலில் டீசல் விலை குறைவு என்பதால், திருநள்ளாறு செல்லும்போது கூடுதலாக நிரப்பிக்கொள்ள முந்தைய உரிமையாளர் இரண்டாவது டேங்க் பொருத்தியிருக்கிறார். முதல் டேங்கில் வண்டி குறையின்றி ஓடுகிறது. இரண்டாவதற்கு மாற்றினால், அரை மணி நேரத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் ஓடுகிறது. டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கழற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்க வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், ஃபில்டர், பட்டறையில் ‘டீசல் பம்ப்’ என்று சொல்லும் இன்ஜெக்‌ஷன் பம்ப், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஆகிய அனைத்தும் இரண்டு டேங்குகளுக்கும் பொதுவானவை. அவற்றில் பழுது இருந்தால் முதல் டேங்கிலும் வண்டி திணறியிருக்கும். ஆகவே இரண்டாவது டேங்கின் மூடியில் தொடங்கி, டேங்க் மாற்றும் வால்வில் முடியும் அந்தச் சிறு பகுதிக்குள்தான் குறையைத் தேட வேண்டும். பெரும் செலவு செய்து பம்பைச் சரிபார்த்து வந்தாலும், திருவெண்காடு போகும் வழியில் வண்டி அதே போல நிற்கும்.

நின்ற வண்டி சற்று ஓய்ந்தபின் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுத் துளை அடைத்திருந்தால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்பால் இழுக்க முடியாத நிலை ஏற்படுகிறது. அடுத்த முறை இழுவை குறைந்தவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, அதன்பின் இன்ஜின் சீரானால், காரணம் காற்றுத் துளைதான். பிற்காலத்தில் பொருத்திய டேங்குகளில் இந்தக் காற்றுக் குழாயைச் சேஸிஸுக்குக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். வயல்வெளிச் சாலைகளின் களிமண் சேறு அதில் ஒட்டி இறுகிவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டி அதன் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, குழாயை மேலே உயர்த்தி, அதன் வாயை மட்டும் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிட்டால் போதும்.

மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், அடுத்து டேங்கின் அடியில் உள்ள வலையைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் இழுக்கும்போது துருவும் கசடும் வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் அவை உதிர்ந்து அடியில் படியும், வண்டியும் மீண்டும் ஓடும். வால்வில் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் காற்றை டேங்க் பக்கம் செலுத்தினால், தடை இல்லாத குழாயில் உடனே குமிழ் ஓசை கேட்கும். ஓசை தயங்கி வந்தால், டேங்கை இறக்கிக் கழுவுவதே சரி.

மூன்றாவது, ஏர் எடுத்தல். இழுக்கும் குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தெரியவில்லை என்பதை வைத்து இணைப்பு நன்றாக இருப்பதாக எண்ணக் கூடாது. வால்வுக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற ஹோஸ் துண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால், குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். டேங்க் நிறைந்திருக்கும்போது ஓடி, பாதிக்குக் கீழே வந்ததும் நிற்கும் வண்டியில், டேங்குக்குள் இறங்கும் குழாயின் மேற்பகுதியில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், வால்வில் இரண்டு டேங்குகளின் ஹோஸ்களையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். குறை டேங்கோடு சேர்ந்து இடம் மாறினால் பழுது டேங்க் பக்கம். வால்வின் அதே நிலையில் நீடித்தால் பழுது வால்வில். எதைக் கழற்றினாலும், திரும்பப் பூட்டியபின் ஃபில்டரின் ஏர் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாத டீசல் வரும்வரை கை பம்பை அடித்து, ஏர் வெளியேற்ற வேண்டும்.

இன்னொன்று. கூடுதல் டேங்க் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பேசும் வாகன மாற்றத்துக்குள் வரக்கூடியது. பயணிகளை ஏற்றுகிறீர்கள், ஆகவே அதற்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு மீன் ஏற்றும் எங்கள் பழைய வேனில் இரண்டு டேங்குகள் உள்ளன. இரண்டாவது டேங்க் கணக்குக்கு மீறிச் சீக்கிரம் காலியாகிறது. டிரைவர் டீசலை விற்கிறாரோ என்று சந்தேகம். முதல் டேங்கின் மூடியைச் சுற்றி எப்போதும் டீசல் ஈரம் இருக்கிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டிரைவரை ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதீர்கள். மூடியைச் சுற்றியுள்ள ஈரமே காரணத்தைச் சொல்கிறது. டீசல் இன்ஜினுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சுவது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. உங்கள் வண்டியில் இழுக்கும் குழாயை மட்டும் மாற்றும் வால்வு இருந்தால், இரண்டாவது டேங்கிலிருந்து இழுத்த டீசலின் மிச்சம் முதல் டேங்குக்குப் போய்ச் சேரும். அது ஏற்கெனவே நிறைந்திருந்தால் மூடி வழியாக வழியும். முதல் டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு, சமதளத்தில் சுத்தமான குச்சியால் அளந்து, ஒரு மணி நேரம் இரண்டாவதில் ஓட்டியபின் அதே இடத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். முதல் டேங்கில் மட்டம் ஏறியிருந்தால் ஐயமே வேண்டாம். இழுக்கும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் ஒருசேர மாற்றும் ஆறு வாய் கொண்ட வால்வைப் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை முதல் டேங்கை ஓரளவு காலி செய்தபின் இரண்டாவதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வண்டி திக்கித் திக்கி ஓடுகிறது. டீசலில் தண்ணீரா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இருக்கலாம். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படியும். தேய்ந்த மூடி ரப்பர் வழியாக மழைநீரும் இறங்கும். இரவு முழுவதும் அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பிடியுங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தனியாக நிற்கும். டீசல் மட்டும் வரும்வரை வடித்துவிட்டு, ஃபில்டரையும் மூடி ரப்பரையும் மாற்றுங்கள்.